மணப்பாட்டு மடல்கள்

சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இருமுறை ஓலை விடுக்கிறாள். முதல் ஓலையை அவன் ஏற்கவில்லை. இரண்டாவது ஓலை, அவன் கண்ணகியுடன் மதுரைக்கு நடந்துகொண்டிருக்கும் வழியில், கோசிகன் என்னும் அந்தணன் கையில் வந்து சேர்கிறது. அதைப் படித்த கோவலன் செய்த செயல் எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. தனக்கு வந்த அந்த ஓலையின் சொற்கள், தான் தன் பெற்றோரிடம் சொல்ல வேண்டிய சொற்களாகவும் அமைந்திருக்கக் கண்டு, அதே ஓலையை அவர்களிடம் சேர்ப்பிக்குமாறு கோசிகனிடமே திருப்பித் தருகிறான். ஒருத்தி ஒருவனுக்கு எழுதியது, ஒரெழுத்தும் மாறாமல் வேறொருவர் வேறொருவருக்கு எழுதியதாக ஆகிவிடுகிறது.

சித்திரை முழுமதி நாளில் பளியன்குடி வழியே மலையேறி மங்கலதேவிக் கோட்டத்தில் கண்ணகியை வணங்கி வரும் நம் லோயர் கேம்ப் மக்களுக்குச் சிலம்பைப் பற்றி எடுத்துரைக்க வேண்டியதில்லை. இலக்கிய வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் கிறித்தவத் திருமுகங்களைப் பற்றி எழுதப் புகுந்த இக்கட்டுரை கோவலனிடமிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. தனக்கென எழுதப்படாத கடிதத்தை ஒருவர் தமக்குரியதாகப் படிப்பது எப்படி என்னும் கேள்வியே இங்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள். கிறித்தவ நம்பிக்கையாளர்கள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாகச் செய்துவருவதும் இதுவே. அவர்கள் வழிபாட்டில் எழுந்து நின்றும் அமர்ந்தும் கேட்கும் மறைநூற் பகுதிகளுள் பெரும்பகுதி, யாரோ ஒருவர் எங்கோ ஓர் ஊரில் இருந்த யாருக்கோ எழுதிய கடிதங்கள்தாம்.

மேலாடையும் வயிற்று வலியும்

புதிய ஏற்பாட்டின் 27 நூல்களுள் 21 கடித வடிவில் அமைந்தவை. அவற்றுள் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டும் தீத்துவுக்கு எழுதிய ஒன்றும் ‘ஆயர் பணித் திருமுகங்கள்’ எனப் பெயர் பெற்றுள்ளன. இப்பெயர் 18ஆம் நூற்றாண்டில் வழங்கத் தொடங்கியது. அவை பவுல் பெயரில் உள்ளன. எனினும் அவரே எழுதியவையா, அவர் மறைவுக்குப்பின் அவர் வழிவந்தோர் அவர் பெயரால் எழுதியவையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. பிற்காலத்தவை என்பாரே இன்று மிகுதி. அந்த வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று.

அக்கடிதங்களில் நம் கண்ணில் படுவது வேறொன்று. சபைத் தலைவனாக வருபவன் குடிவெறியனாக, சண்டைக்காரனாக, பொருளாசை பிடித்தவனாக இருத்தலாகாது என்று பெரிய பேச்சு ஒருபுறம் நடந்துகொண்டிருக்கையில், நடுவே திமொத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குச் சிறிது திராட்சை மது அருந்தச் சொல்லும் வரி ஒன்று வந்து நிற்கிறது. இன்னொரு கடிதத்தில், துரோவா நகரில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலாடையையும் புத்தகங்களையும் எடுத்து வருமாறும், குளிர்காலத்துக்கு முன்பே வந்து சேருமாறும் கேட்கிறார் சிறையிலிருப்பவர். மறைநூல் என்று முத்தியெடுக்கும் ஏட்டில் ஒரு மனிதரின் குளிரும் ஒருவரின் வயிறும் இடம்பெற்றிருப்பது சிலருக்குக் குறையாகத் தோன்றியிருக்கலாம். கவிஞர்களுக்கு அப்படித் தோன்றாது.

இவற்றை அடுத்து, ஏறத்தாழ கி.பி. 96இல் உரோமைச் சபை கொரிந்துச் சபைக்கு எழுதிய கடிதம் ஒன்று கிளமெந்து பெயரால் வழங்குகிறது. இளையோர் சிலர் மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டதால் எழுந்த பூசலைத் தணிக்க எழுதப்பட்டது அது. இன்னும் சில ஆண்டுகள் கழித்து, அந்தியோக்கியா நகர் ஆயர் இஞ்ஞாசியார், படைவீரர் பதின்மர் காவலில் உரோமைக்குக் கொலைக்களம் நோக்கிக் கொண்டுசெல்லப்பட்டபோது, வழியில் தங்கிய இடங்களிலிருந்து ஏழு கடிதங்கள் எழுதினார். ஆறு, சபைகளுக்கு, ஒன்று, சிமிர்னா நகர் ஆயர் போலிக்கார்ப்புக்கு. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது அவசரம். எழுதியவர் எவரும் நூல் எழுதுவதாக எண்ணியிருக்க முடியாது.

தமிழுக்கும் இத்தகைய மரபு புதிதன்று. பாணபத்திரருக்குப் பொருள் தருமாறு சேரமான் பெருமாளுக்கு ஆலவாய் இறைவனே எழுதியதாகக் கூறப்படும் திருமுகப் பாசுரம் பதினோராந் திருமுறையின் தொடக்கத்தில் நிற்கிறது. ஓர் ஏழைக் கலைஞனுக்கு உதவி கேட்டு எழுதிய பரிந்துரைக் கடிதம் திருமுறையாயிற்று! புலவர் பாடிய சீட்டுக்கவிகளோ எண்ணிறந்தன. ஆகவே ‘திருமுகம்’ என்ற சொல்லைக் கிறித்தவத் தமிழ் எடுத்துக்கொண்டபோது அது வெறுஞ்சொல்லாக வரவில்லை.

1544ஆம் ஆண்டு

மேற்சொன்ன பழந்திருமுகங்களுக்கு மிக அண்மையில் வைத்து எண்ணத்தக்க கடிதங்கள் தமிழ் மண்ணிலேயே எழுதப்பெற்றுள்ளன. தமிழில் அல்ல, போர்த்துக்கீசிய மொழியில். ஆனால் அவற்றின் அடியில் உள்ள ஊர்ப் பெயர்கள் புன்னைக்காயல், மணப்பாடு, தூத்துக்குடி, வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர். எழுதியவர் பிரான்சிஸ் சவேரியார். பெற்றவர், அவருக்குத் துணையாக வந்த பிரான்சிஸ்கோ மன்சிலாஸ். 1544 பிப்ரவரி தொடங்கி அவ்வாண்டு முடிவதற்குள் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட கடிதங்கள். சவேரியாரின் கடிதங்கள் அனைத்தையும் இயேசு சபை அறிஞர்கள் சூர்ஹம்மரும் விக்கியும் ஆய்ந்து 1944-45இல் உரோமையில் பதிப்பித்தபோது இவையும் அவற்றுள் இடம்பெற்றன.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முத்துக்குளித்துறைப் பரதவர், கடல் வாணிகத்தில் எழுந்த கடும் பூசலில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி, 1535-37 காலத்தில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். 20,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதன்பின் அவர்களுக்குக் கற்பிக்க எவரும் வந்து தங்கவில்லை. 1542 மே மாதம் கோவாவை அடைந்த சவேரியார் அவ்வாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்தார். மன்சிலாஸ் பின்னர் வந்து சேர்ந்தார், அப்போது அவர் குருப்பட்டம் பெறாதவர், கல்வியிலும் பேர்பெற்றவரல்லர். ஒருவர் ஓரூரில், மற்றவர் வேறூரில். இடையே கடிதம்.

பாரிஸ் பல்கலைக்கழகத்தில் கற்றவர் எழுதிய கடிதங்கள் என்று இறையியல் ஆழத்தை எதிர்பார்த்துத் திறப்போர் ஏமாறுவர். யாருக்கு எத்தனை பணம் கொடுப்பது, எந்த ஊருக்கு எப்போது போவது, ஆசிரியர்களாக அமர்த்திய உள்ளூர்க்காரருக்குக் கூலி சேர்ந்ததா, கூடவே இருந்து உதவும் மத்தேயு என்ற இளைஞனிடம் அன்பாக நடந்துகொள் — இவைதாம் பொருள். அக்கரை மக்களிடம் மனந்தளரும் மன்சிலாசுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொல்வது பொறுமை. நல்ல தந்தை தீய பிள்ளைகளிடம் நடந்துகொள்வது போல நடந்துகொள், மக்களின் குற்றங்களைக் கண்டு சலித்துப் போகாதே, கடவுளுக்கும் அவர்கள் குற்றம் செய்கிறார்கள், அவர் அவர்களை அழித்துவிடவில்லையே என்பது அதன் கருத்து. இதே சவேரியார்தாம், சாராயம் குடிக்கும் பெண்களுக்குத் தண்டமும் காவலும் விதிக்கச் சொல்லுகிறவர். ஊர்ப் பட்டங்கட்டிமார் இதைக் கண்டுங்காணாமல் இருந்தால் அவர்களையும் விடமாட்டேன் என்கிறவர். பொறுமையைப் போதித்த பேனா அடுத்த பத்தியிலேயே பொறுமை இழக்கிறது. திருத்தி எழுத நேரம் கிடைத்திருந்தால் இந்த முரண் மறைந்திருக்கும். நமக்கு ஒரு புனிதர் மட்டும் கிடைத்திருப்பார், ஒரு மனிதர் கிடைத்திருக்கமாட்டார்.

ஒரு சொல்லின் திருத்தம்

கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்தில் சிறப்பாக எடுத்துக்காட்ட வேண்டிய கடிதம் ஒன்று உண்டு. தமிழறியாத சவேரியார், இரு மொழியும் ஓரளவு அறிந்த சிலரைக் கூட்டி வைத்து, சிலுவை அடையாளம், நம்பிக்கை அறிக்கை, கட்டளைகள், செபங்கள் ஆகியவற்றைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்று சிறுவரையும் பெரியோரையும் கூட்டிக் கற்பித்தார் என்பது யாவரும் அறிந்த செய்தி. மொழிபெயர்ப்பில் பிழை இருந்தது என்பதும், அதை அவரே கண்டுபிடித்தார் என்பதும் அவ்வளவாக அறியப்படாதவை.

நம்பிக்கை அறிக்கையில் கடவுளை நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று தமிழில் அமைத்திருந்தார்கள். மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அவர் அதை மாற்றச் சொல்லுகிறார். வேணும் என்றால் விரும்புகிறேன் என்று பொருள். கடவுள் எனக்கு வேண்டும் என்பது வேறு, கடவுளை நம்புகிறேன் என்பது வேறு. ஆகவே விசுவாசம் என்ற சொல்லை இடவேண்டும் என்பது திருத்தம். இன்னோர் இடத்தில் கிறித்துவின் பாடுகளைச் சொல்லும்போது ‘வன்பினாலே’ என்று வந்திருந்தது. அதையும் நீக்கச் சொல்லுகிறார். வன்பினால் என்றால் பலவந்தத்தால் என்றாகும். அவர் தம் விருப்பத்தால் பாடுபட்டாரேயன்றி வலுக்கட்டாயத்தால் அன்று என்பது காரணம்.

மொழி தெரியாத ஒருவர், தம் வாயில் நாள்தோறும் உருண்ட இரண்டு சொற்களை நிறுத்தி வைத்து எடை பார்த்திருக்கிறார். பாட்டெழுதுவோர் ஒரு சொல்லுக்காக இரவெல்லாம் விழித்திருப்பதுண்டு. இவருக்கு விழித்திருக்க வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் இதற்கு இடம் ஒதுக்கினார்.

‘வேணும்’ என்பது தவறான சொல் என்று நான் கருதவில்லை. நம் பக்தி மரபே வேண்டுதலால் ஆனது. நாயன்மாரும் ஆழ்வாரும் வேண்டினர். மக்கள் இன்றும் வேண்டுதல் வைத்து முடியிறக்குகிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், பால்குடம் எடுக்கிறார்கள். அந்த முதல் மொழிபெயர்ப்பாளர்கள் தமிழ் மனத்தில் இயல்பாக ஊறியிருந்த சொல்லைத்தான் எடுத்துத் தந்தார்கள். ஆனால் நம்பிக்கை அறிக்கை வேண்டுதல் பட்டியலன்று. எனக்கு நலம் வேண்டும், வேலை வேண்டும், என் எதிரி தோற்க வேண்டும் என்று கேட்பதற்குப் பெருங்கூட்டம் கூடும் வழிபாடுகள் எல்லாச் சமயங்களிலும் பெருகியுள்ள இந்நாளில், 1544இல் நிகழ்ந்த அந்தச் சிறு திருத்தம் இன்னும் முடிவுபெறாத வேலையாகவே எனக்குத் தோன்றுகிறது. ‘விசுவசிக்கிறேன்’ என்பது பிற்காலத்தில் ‘நம்புகிறேன்’ ஆயிற்று, சொல் தமிழாயிற்று. வாயில் நம்புகிறேன் என்றும் நெஞ்சில் வேணும் என்றும் இருப்பதை எந்த மொழிபெயர்ப்பாளரும் திருத்த முடியாது.

வாய்மொழியாகப் பரவிய இந்தப் பிழைபட்ட தமிழிலிருந்துதான் பின்னர்ப் பெரும்பணி ஒன்று பிறந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் தமிழ் மறைக்கல்வி நூல் ஒன்று அச்சாயிற்று. 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அன்றிக்கே அன்றீக்கசு அடிகளார் தமிழை முறையாகக் கற்று, இலக்கணம் எழுதி, 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்க நூலைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டார். இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான நூல்களுள் நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் முதன்மையானது அது. நம் மலரின் அச்சுப் பக்கங்களுக்கும் ஒரு வகையில் அது முன்னோடி.

துபாசி இல்லாத நாள்கள்

ஆகஸ்ட் மாதத்துக் கடிதம் ஒன்றில் சவேரியார் தம் நிலையைச் சொல்லுகிறார். துபாசியாக உதவிய அந்தோணி மணப்பாட்டில் நோயுற்றுக் கிடக்கிறார். மொழிபெயர்ப்பார் இல்லை. மக்கள் பேசுவது இவருக்கு விளங்கவில்லை. இவர் பேசுவது அவர்களுக்கு விளங்கவில்லை. நான் என்ன வாழ்க்கை வாழ்கிறேன் என்று நீயே எண்ணிப் பார் என்கிறார். பிறகு, பிறந்த குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறேன், அதற்குத் துபாசி தேவையில்லை என்றும், ஏழைகள் தங்கள் தேவைகளைத் துபாசி இல்லாமலே எனக்கு விளக்கிவிடுகிறார்கள் என்றும் எழுதுகிறார்.

பசியின் மொழி மொழிபெயர்ப்புக்கு அப்பாற்பட்டது என்று நாம் மேடையில் எத்தனையோ முறை சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறோம். இவர் அதைக் கருத்தாகச் சொல்லவில்லை. அன்றைய பிற்பகலில் நடந்ததாகச் சொல்லுகிறார்.

அந்தப் பசிக்குக் காரணம் இருந்தது. 1544 ஜூனில் வடுகர் படை குமரிமுனைப் பகுதியில் புகுந்தது. வடுகர் என்று கடிதங்கள் குறிப்பது விசயநகர ஆட்சியைச் சார்ந்து தெற்கே வந்த தெலுங்குப் படையினரை. பரதவர் உயிருக்கு அஞ்சிக் கடலில் இறங்கி, கரைக்கு அப்பாலுள்ள பாறைகளில் ஒளிந்தனர். குடிநீர் இல்லை; உணவில்லை. ஜூன் 16ஆம் நாள் மணப்பாட்டிலிருந்து எழுதிய கடிதத்தில், அன்றிரவே 20 தோணிகளுடன் உணவு கொண்டு குமரிக்குப் புறப்படுவதாகச் சவேரியார் அறிவிக்கிறார். ஊர்கள்தோறும் உதவி திரட்டுமாறு மன்சிலாசுக்குக் கட்டளை. அதே மூச்சில் ஓர் எச்சரிக்கை: ஏழைகளிடம் வற்புறுத்தி வாங்காதே, தாமாக விரும்பிக் கொடுப்பவர் கொடுக்கட்டும்.

அத்தோணிகள் போய்ச் சேரவில்லை. எதிர்க்காற்று. ஆனி ஆடியில் குமுளி மலை இறங்கிவந்து நம் வயல்களையும் ஓட்டுக் கூரைகளையும் உலுக்கும் தென்மேற்குக் காற்றை அறிந்த நமக்கு, அதே காற்று கடலில் என்ன செய்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. எட்டு நாள் கடலில் போராடித் திரும்பி, பின்னர்த் தரைவழியே நடந்து சென்றார். ஆகஸ்ட் முதல் நாள் கடிதத்தில், கண்ட காட்சியைச் சில வரிகளில் சொல்லுகிறார்: உண்ண ஒன்றுமில்லாதோர், நடந்துவர இயலாத முதியோர், இறந்தோர், வழியிலேயே பிள்ளை பெற்ற பெண்கள். உவமை இல்லை, அலங்காரம் இல்லை. அடுத்த கடிதங்களில் மீண்டும் வேலை: இரவில் காவல் வை, நிலவொளியில் வந்து கொள்ளையடிப்பார்கள், தோணிகளை நீரிலேயே ஆயத்தமாக நிறுத்திவை.

இங்கு ஒரு சிறு குறிப்பு. நம் ஊருக்கு லோயர் கேம்ப் என்ற பெயரே 1887 முதல் 1895 வரை நடந்த பெரியாற்று அணை வேலையின்போது மலையடியில் அமைந்த முகாமால் வந்தது. முகாம் என்பது நிலையற்றது. அங்கு வாழ்பவர் நாளை பற்றி எண்ணும் அளவுக்குக்கூட ஓய்வற்றவர். காய்ச்சலும் மழையும் பெருவெள்ளமும் கண்ட அந்த ஆண்டுகளில், இங்கிருந்த தொழிலாளர் தம் ஊர்களுக்கு அனுப்பிய செய்திகள் எவையும் தொகுக்கப்படவில்லை. பென்னிகுவிக் நினைவாக 2013இல் நம்மூரில் மணிமண்டபம் எழுந்தது. அணைக்குக் கல் சுமந்தோர் சொன்ன சொல் ஒன்றுகூட அதில் இல்லை. சவேரியாரின் மடல்களைப் படிக்கையில் எனக்கு அவர்கள் நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

தன்னவரைக் கண்டித்தல்

இக்கடிதங்களின் உயிர்நிலை என்று நான் கருதுவது வேறோர் இடத்தில் உள்ளது. சவேரியாருக்கு மிகுந்த துயர் தந்தோர் வடுகரல்லர்; அவரோடு ஒரே சமயத்தைச் சார்ந்த போர்த்துக்கீசியர்கள். உள்நாட்டாரைப் பிடித்துக்கொண்டுபோன செய்தி கேட்டு மார்ச் மாதத்தில் எழுதும்போது, இவற்றையெல்லாம் பார்ப்பதைவிட எத்தியோப்பிய மன்னரின் நாட்டுக்குப் போய்விடலாமா என்று சலித்துக்கொள்கிறார். தூத்துக்குடித் துறையின் கப்பித்தான் கொஸ்மே தே பைவா, பரதவரைக் காக்க வேண்டியவர், அவர்களைத் தாக்கிய வடுகருக்கே குதிரை விற்று ஆதாயம் பார்த்தார் என்னும் குற்றச்சாட்டு இருந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கொச்சியிலிருந்து போர்த்துக்கல் மன்னருக்கே எழுதி அதிகாரிகளின் பேராசையைக் கண்டித்தார். தம் நண்பர் சீமோன் ரொட்ரீகசுக்கு எழுதியபோதோ, நண்பர் எவரையும் அரசு வேலையில் இந்தியாவுக்கு வரவிடாதே என்று சொல்லி, ‘கொள்ளையடி’ என்ற ஒரே வினைச்சொல்லை இங்குள்ளோர் எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் விகற்பித்துப் பழகுவதாகக் கசப்போடு நகையாடுகிறார். இலத்தீன் இலக்கணம் இப்படிப் பயன்பட்டது வேறெங்கும் நான் கண்டதில்லை.

இனி, 1544 செப்டம்பர் 5ஆம் நாள் கடிதம். இம்முறை அடி விழுந்தது கப்பித்தானுக்கு. வடுகர் தாக்க, அவர் கலமும் வீடும் எரிய, அவர் அருகிலுள்ள தீவுகளுக்குத் தப்பியோடினார். செய்தி சவேரியாருக்கு எட்டியது. விரைந்து போ; தோணிகளில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு போ; பட்டங்கட்டிமாரையும் உதவச் சொல் என்று மன்சிலாசை ஏவுகிறார். தாம் ஏன் நேரில் போகவில்லை என்பதையும் மறைக்கவில்லை. கப்பித்தான் தம்மைப் பற்றி எழுதியவை பழியாகப் பேசத்தக்கவை. தம்மைக் காண அவர் விரும்பமாட்டார். ஆகவே நீ போ.

மன்னித்துவிட்டேன் என்ற சொல் அங்கு இல்லை. பகை தீர்ந்தது என்றும் இல்லை. மன்னருக்கு எழுதிய கண்டனம் இதற்குப் பின்னரே போயிற்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். குற்றம் குற்றமே, தண்ணீர் தண்ணீரே. இரண்டையும் கலந்துவிடாமல், ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தவிர்க்காமல் நடப்பது எத்தனை அரிது என்பதை நம் ஊர்ப் பொதுவாழ்வில் சில நாள் நின்றவரும் அறிவர். தம் கட்சிக்காரர், தம் சாதிக்காரர், தம் சமயத்தார் செய்த அநீதியை அறிந்தே வாய்மூடியிருப்போர் ஒருபுறம். எதிரி என்று ஆனபின் அவன் வீடு எரிந்தாலும் திரும்பிப் பாராதோர் மறுபுறம். ஓடைப்பட்டி, இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி என்று நம் பள்ளத்தாக்கில் எந்தச் சமயத்தார் வாழும் ஊரிலும் நின்று படிக்கத்தக்க கடிதம் இது.

மறுபக்கம்

புகழ்ந்துரைத்து முடித்துவிட்டால் இது வரலாற்றுக் கட்டுரையாகாது. சவேரியாரின் கடிதங்கள் பிற சமயத்தாருக்குக் காயம் தருபவை. கற்பித்த சிறுவர்களைக் கொண்டே வீடுகளிலுள்ள வழிபாட்டு உருவங்களை உடைக்கச் செய்ததை அவர் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். 1546இல் அம்போயினாத் தீவிலிருந்து மன்னருக்கு எழுதிய கடிதத்தில் கோவாவில் சமய விசாரணை மன்றம் அமைக்கக் கேட்கிறார். அவர் மறைந்து எட்டாண்டுகளுக்குப்பின் 1560இல் அது அங்கே வந்து நிலைகொண்டு, கொடுமைகளுக்குப் பேர்பெற்றது. ஏழையின் பசியைத் துபாசியின்றி உணர்ந்தவருக்கு, அந்த ஏழை கும்பிட்ட தெய்வத்தின் பொருள் விளங்கவில்லை. காலத்தின் மேல் பழிபோட்டு இதை மழுப்பலாம். எனினும் 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலி, இந்நாட்டு மொழியையும் நூல்களையும் ஒழுக்கத்தையும் கற்றே பேச வேண்டும் என்று கண்டது அறுபது ஆண்டுகளே கழித்து. நொபிலியும் தம் காலத்தவரே. திமொத்தேயு திருமுகத்தில் பெண்கள் பற்றி உள்ள வரிகளும் இன்று பல நம்பிக்கையாளருக்கு முள்ளாகக் குத்துபவை. பழங்கடிதத்தைத் தமக்குரியதாக ஏற்போர், அதில் தமக்கு ஏலாததைக் கண்டு சொல்லவும் கடமைப்பட்டவர்.

இன்னொரு குறையும் உண்டு. இவை ஒருதலைக் கடிதங்கள். பட்டங்கட்டிமார் என்ன மறுமொழி சொன்னார்கள், தண்டம் கட்டிய பெண் என்ன நினைத்தாள், பாறையில் ஒளிந்தவருள் பிழைத்தோர் பின்னர் எப்படிக் கதை சொன்னார்கள் என்பதற்கு ஏடில்லை. கொரிந்தியர் பவுலுக்கு எழுதிய கடிதமும் அப்படித்தான் போயிற்று. அவர் எழுதிய விடை மட்டுமே எஞ்சியது. ஆயனின் குரல் கேட்கிறது, மந்தையின் குரல் கேட்கவில்லை என்று சொன்னால் உவமையே நம்மை இடறும். மந்தை என்று அழைக்கப்பட்டோர் மனிதர்கள். அவர்கள் தரப்பை எழுதுவது இனி வரும் தமிழ்ப் படைப்பாளிகளின் பொறுப்பு.

கரித்துண்டால் எழுதியது

சவேரியாருக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து மறவர் நாட்டில் இன்னொரு கடிதம் எழுதப்பட்டது. 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் வெட்டுண்டு இறந்த அருளானந்தர் என்னும் ஜான் தே பிரிட்டோ, அதற்கு முந்திய நாள் காவலில் இருந்தபடி தம் சபையினருக்கு எழுதியது அது. மையில்லை. கரியை நீரில் குழைத்து, துரும்பால் எழுதினார். அந்தியோக்கியா இஞ்ஞாசியார் கொலைக்களம் செல்லும் வழியில் எழுதிய மடல்களோடு ஒப்பிட்டு இதைப் பேசுவோர் உண்டு, ஒப்புமை பொருத்தமானதே. உரோமையர் தம்மை மீட்க முயலவேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்ட அதே அமைதி இவரிடமும் காணப்படுகிறது. இருப்பினும், நான் நம்பிக்கையாளர் ஒருவரிடம் ஒரு கடிதத்தைத் தேர்ந்து கொடுக்க நேர்ந்தால், இறப்பை எதிர்நோக்கிய இந்த உயர்ந்த மடலைவிட, கப்பித்தானுக்குத் தண்ணீர் கொண்டுபோகச் சொன்ன மணப்பாட்டுக் காலத்து மடலையே தருவேன். கொலைக்களம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. தண்ணீர்த் தோணி எல்லாருக்கும் எட்டும் தொலைவில் நிற்கிறது.

இன்று ஆலயங்களில் வாசிக்கப்பெறும் ஆயரின் சுற்றுமடல் அச்சிட்ட தாளில் எல்லாப் பங்குகளுக்கும் ஒரே வேளையில் வருகிறது. அதன் தேவையை மறுப்பதற்கில்லை. ஆயினும், எல்லாருக்கும் எழுதுவதில் யாருக்கும் எழுதாமற் போகும் இடர் ஒன்று இருக்கிறது. சிறப்பு மலர்களில் கட்டுரை எழுதுவோரும் அந்த இடருக்கு உட்பட்டவர்களே. மன்சிலாசுக்கு எழுதிய மடல்கள் மன்சிலாசுக்கு மட்டுமே எழுதப்பட்டவை. அவருடைய சோர்வு, அவருடைய கோபம், அவர் கையிலிருந்த பணம், அவர் நின்ற ஊர் ஆகியவற்றை அறிந்து எழுதியவை.

அந்த மன்சிலாஸ் என்ன ஆனார்? மலுக்குத் தீவுகளுக்குப் போகுமாறு சவேரியார் அனுப்பிய கட்டளையை அவர் ஏற்கவில்லை. பொறுமையைப் பற்றி அத்தனை கடிதம் எழுதியவர் இதைப் பொறுக்கவில்லை. 1548இல் மன்சிலாஸ் இயேசு சபையிலிருந்து விலக்கப்பட்டார். விலக்கப்பட்ட பிறகும் அவர் அந்தக் கடிதங்களைக் கிழித்தெறியவில்லை. அவர் எழுதிய மறுமொழிகளில் ஒன்றும் இன்று இல்லை. அவருக்கு வந்தவை இருக்கின்றன.